யானையைக் கட்டித் தீனி போடுவது யார்?

அறுகம்பேக் கடற்கரையில் இருந்துகொண்டு ஆகாய விமான வியாபாரத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். வட்டைக்கு வரவேண்டிய நீர், நெல்லின் விலை, காணியின் உறுதி என்று நமது தலைக்கு மேல் நிற்கும் பிரச்சினைகள் பல இருக்க, செல்வந்தர்கள் ஏறிப் பறக்கும் ஜெட் விமானத்தைப் பற்றி இந்த ஏட்டுக்கு என்ன கவலை என்பது அவர்களின் கேள்வி. கவலை உண்டு. உர மானியமும் விமானச் செலவும் ஒரே பெட்டியிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. அந்தப் பெட்டி 2022 ஏப்ரலில் காலியாகி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இந்த நாடு உலகறியக் கைவிரித்தபோது, முதலில் பட்டினி கிடந்தவர்கள் விமானத்தில் பறந்தவர்கள் அல்லர்.

படித்தவர்கள் நடுவில் இப்போது ஒரு வாதம் உலவுகிறது. புதிய விமானம் வாங்குவது நம் போன்ற ஏழை நாட்டுக்கு ஆகாத காரியம். ஆனால் பழையது ஒன்றை வாங்கினால் என்ன? பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய நெடுந்தூர ஜெட் விமானம், புதியதின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு, சில வேளை கால் பங்குக்கே கிடைக்கிறது. நாட்டுத் தலைவர்கள் அதிலே போய் வரலாம்; மற்ற நாட்களில் வாடகைக்கு விடலாம்; முதலீட்டாளர்களை அழைத்து வரலாம். கேட்பதற்கு இனிமையான வாதமே. கல்ஃப்ஸ்ட்ரீம் ஜீ-550 என்னும் விமானம் இடையில் எங்கும் இறங்காமல் ஏறக்குறைய 12,500 கிலோமீற்றர் பறக்கும். பம்பார்டியர் குளோபல் 6000, டசால்ட் பால்கன் 7எக்ஸ் என்பவை 11,000 கிலோமீற்றர் அளவில் பறக்கும். கட்டுநாயக்காவில் ஏறினால் லண்டனில்தான் இறங்க வேண்டும். இத்தகைய வசதி கால் விலைக்கு வருமானால் வேண்டாம் என்பது அறிவீனம் அன்றோ என்று கேட்கிறார்கள்.

நாம் விலையைப் பற்றிப் பேசப் போவதில்லை. ஓர் உடைமையை வாங்குவது வேறு, வைத்திருப்பது வேறு என்பதை அம்பாறைக் கரையிலுள்ள தமிழ் பேசும் மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு ஒலுவில் இருக்கிறது.

டென்மார்க் நாட்டுக் கடனில், சுமார் 4 கோடி 60 இலட்சம் யூரோ செலவில் கட்டப்பட்ட ஒலுவில் துறைமுகம் 2013 செப்டெம்பரில் மேளதாளத்தோடு திறக்கப்பட்டது. கட்டியவர்கள் கட்டிவிட்டுப் போனார்கள். துறைமுகத்தின் வாயை மணல் மூடத் தொடங்கிற்று. மணலை அள்ளி எடுத்தால்தான் படகு உள்ளே வரும். அள்ளுவதற்கோ ஆண்டுதோறும் பணம் வேண்டும். அந்தப் பணத்தை யார் கொடுப்பது என்பது ஒப்பந்தம் எழுதிய நாளில் எவருக்கும் தோன்றவில்லை போலும். ஒரு பக்கத்தில் மணல் குவிந்தது. மறுபக்கத்தில் ஊரின் கரையைக் கடல் தின்றது. காணியைக் கொடுத்தவர்கள் நட்டஈட்டுக்காக ஆண்டுக்கணக்கில் கந்தோர் கந்தோராக அலைந்தார்கள். கப்பல் வரவில்லை. கடன் மட்டும் தவணை தவறாமல் வந்தது.

மத்தளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 20 கோடி டொலருக்கு மேல் செலவிட்டு, பெரும்பகுதி சீனக் கடனில், 2013 மார்ச்சில் திறந்த அந்தச் சர்வதேச விமான நிலையத்தில் பயணிகள் இல்லாமையால், 2015இல் நெல் மூட்டைகளைக் களஞ்சியப்படுத்த ஏற்பாடாயிற்று. நெல்லைப் போட்டு வைக்க ஒரு நல்ல களஞ்சியம் கேட்டு எத்தனை ஆண்டுகளாக நமது விவசாயிகள் மனுப் போட்டார்கள்! உலகத்திலேயே விலை கூடிய களஞ்சியம் கடைசியில் அவர்களின் நெல்லுக்குத்தான் வாய்த்தது, அதுவும் அம்பாந்தோட்டையில்.

இனிப் பழைய விமானத்துக்கு வருவோம். சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ பழைய உழவு யந்திரம் ஒன்றை வாங்கப் போகும் விவசாயி என்ன செய்கிறார்? புதிதாகப் பூசிய வர்ணத்தை அவர் பார்ப்பதில்லை. எஞ்சினை ஓட விட்டுப் புகையின் நிறத்தைப் பார்க்கிறார். தமக்குத் தெரிந்த மெக்கானிக்கை உடன் அழைத்துப் போகிறார். விற்பவரின் மெக்கானிக்கை அவர் நம்புவதில்லை. அதன்பின் பதிவுப் புத்தகத்தை வாங்கி, நிதிக் கம்பனி ஏதாவது ஒன்றின் பெயர் உரிமையாளர் இடத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறார். தவணை கட்டாத யந்திரத்தைப் பணம் கொடுத்து வாங்கி, மறுவாரம் கம்பனிக்காரன் வந்து இழுத்துக்கொண்டு போவதை வட்டை விதானை முதல் கூலியாள் வரை கண்டிருக்கிறார்கள். காணி வாங்கும்போதும் இதே கதைதான். உறுதியைக் கொண்டுபோய்ப் பதிவகத்தில் தேடிப் பார்த்து, ஈடு ஏதும் இல்லை என்று சட்டத்தரணி சொன்ன பிறகே முற்பணம் கை மாறுகிறது.

பழைய ஜெட் விமானம் வாங்குவதும் அடிப்படையில் இதுவேயாகும். விமானம் ஒவ்வொன்றுக்கும் பிறந்த நாள் முதல் பதிவேடு உண்டு. எத்தனை மணி நேரம் பறந்தது, எத்தனை முறை இறங்கியது, எந்த உறுப்பு எந்த நாளில் யாரால் மாற்றப்பட்டது என்பதெல்லாம் கையொப்பத்தோடு அதில் இருக்க வேண்டும். ஒரு பகுதி தொலைந்துபோனால் விமானத்தின் மதிப்பில் பெரும் பங்கு அதனோடு போய்விடும். அந்த உறுப்பு நல்லதாகவே இருக்கலாம். நல்லது என்று காட்டச் சான்று இல்லை. சட்டத்தின் முன் சான்று இல்லாத உண்மைக்கு என்ன மதிப்பு என்பதை நீதிமன்றப் படி ஏறியவர்கள் அறிவார்கள்.

விற்பவன் எந்த நேரத்தில் விற்கிறான் என்பதையும் கவனிக்க வேண்டும். இத்தகைய விமானங்களுக்கு எட்டு ஆண்டு, பத்து ஆண்டு என்ற கணக்கில் பெரும் பரிசோதனை ஒன்று வரும். உட்புறத்து மெத்தை, பலகை, தரை எல்லாவற்றையும் கழற்றி, உலோகத்தில் துருவும் வெடிப்பும் உண்டா என்று பார்ப்பார்கள். இறங்கு சக்கரத் தொகுதியையும் குறித்த ஆண்டுகளில் முற்றாகப் பிரித்துச் செப்பனிட வேண்டும். செலவு இலட்சக் கணக்கான டொலராகும். அந்தப் பரிசோதனைக்குச் சில மாதங்கள் இருக்கும்போது விமானம் 'மலிவாக' சந்தைக்கு வந்தால், அந்த மலிவின் காரணத்தை ஊகிப்பது கடினமன்று. கடற்காற்றில் நின்ற விமானமாயின் துருவின் கணக்கு வேறு. எஞ்சின்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு. பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று செய்தவரிடமே பணம் கட்டி வந்தால், பெரும் பழுதுபார்ப்பை அவர் ஏற்றுக்கொள்வார். பழைய உரிமையாளர் அந்தக் கட்டணத்தை நிறுத்தி வைத்திருந்தால், அவர் பறந்த மணிகளுக்கான பழுதுச் செலவும் வாங்குபவரின் தலையில் விழும். ஆகவே தான் தெரிந்தெடுத்த பட்டறையில் விமானத்தைப் பிரித்துப் பார்க்க இடம் கொடாதவனிடம் அறிவுள்ள எவனும் விமானம் வாங்குவதில்லை. பரிசோதனை முடியும்வரை முற்பணத்தை இருவருக்கும் பொதுவான மூன்றாமவரிடமே வைப்பதும் இத்தொழிலில் நெடுநாள் வழக்கம்.

உரிமையோ இன்னும் சிக்கலானது. ஒரு விமானம் மான் தீவிலோ கேமன் தீவுகளிலோ சான் மரினோவிலோ பதிவாகியிருக்கும். உரிமையாளர் என்று எழுதப்பட்டிருப்பது வேறொரு தீவில் உள்ள ஒரு கம்பனி. அந்தக் கம்பனிக்குப் பின்னால் ஓர் அறநிலையம். அதற்குப் பின்னால் இருப்பவர் யார் என்பது இறைவனுக்கும் அவருடைய கணக்கருக்குமே வெளிச்சம். இதிலே சட்டவிரோதம் ஏதுமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். நேர்மையான வியாபாரிகளும் வசதி கருதி இப்படிச் செய்கிறார்கள். 2001ஆம் ஆண்டுக் கேப்டவுன் உடன்படிக்கையின் கீழ் அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஒரு சர்வதேசப் பதிவேடும் வைத்திருக்கிறார்கள்; விமானத்தின் மேல் யாருக்கு ஈட்டுரிமை என்பதை அதிலே தேடிப் பார்க்கலாம். நமது கவலை, தேடிப் பார்க்க வேண்டிய கடமையுள்ளவர் தேடுவாரா என்பதே. தன் பணத்தில் வாங்குபவன் தேடுவான். பிறர் பணத்தில் வாங்குபவனுக்கு அந்த அக்கறை எங்கிருந்து வரும்?

வாங்கிய பிறகு தீனிச் செலவு. விமானிகளுக்குச் சம்பளம், அவர்களைக் குறித்த காலங்களில் வெளிநாட்டுப் பயிற்சிக்கூடத்துக்கு அனுப்பும் செலவு, காப்புறுதி, கொட்டகை வாடகை, வரைபடங்களுக்கும் தொலைத்தொடர்புக்கும் சந்தா. ஒரு மணி நேரமும் பறக்காமல் நின்றாலும் இத்தகைய பெரிய ஜெட்டுக்கு ஆண்டுக்குப் பத்து இலட்சம் டொலர் அளவில் வேண்டும் என்பது தொழில் தெரிந்தவர்களின் பொதுக் கணக்கு. பறந்தாலோ எரிபொருள். ஜீ-550 போன்ற விமானம் மணிக்கு ஏறக்குறைய 1,300 முதல் 1,500 லீற்றர் வரை எரிக்கும். 2022ஆம் ஆண்டு எரிபொருள் அனுமதி அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் அளந்து கொடுத்தார்கள் என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த அளவுப்படி, ஒரு ஜெட் ஒரு மணி நேரம் பறக்கும் எரிபொருள் 350 மோட்டார் சைக்கிள்களுக்கு ஒரு வாரம் போதும். பொத்துவிலிலிருந்து கல்முனை ஆஸ்பத்திரிக்கு நோயாளியை ஏற்றிப் போக எரிபொருள் தேடி வீதியோரத்தில் இரவைக் கழித்தவர்கள் இந்தக் கணக்கைத் தாமே செய்து பார்த்துக்கொள்ளட்டும்.

நம்மைப் போல வறிய நாடு ஒன்று பழைய ஜெட் வாங்கிப் பார்த்த கதை உண்டு. ஆபிரிக்காவில் மலாவி, மக்காச்சோளமும் புகையிலையும் பயிரிடும் விவசாய நாடு. அதன் ஜனாதிபதி பிங்கு வா முதாரிக்கா 2009ஆம் ஆண்டில் பால்கன் 900இஎக்ஸ் என்னும் கைமாறிய ஜெட் ஒன்றை ஒரு கோடி 30 இலட்சம் டொலர் அளவில் அரசாங்கத்துக்கு வாங்கினார். அந்நாட்டின் வரவுசெலவில் பெரும் பகுதியை உதவி நாடுகளே கொடுத்துவந்தன. ஜெட் வாங்கப் பணம் இருக்கிறதா என்று கேட்ட பிரிட்டன், தனது உதவியில் 30 இலட்சம் பவுணைக் குறைத்துக்கொண்டது. முதாரிக்கா 2012இல் மறைந்தபின் பதவிக்கு வந்த ஜோய்ஸ் பண்டா அம்மையார் 2013இல் அந்த விமானத்தை ஒன்றரைக் கோடி டொலருக்கு விற்றார். பார்த்தீர்களா, வாங்கிய விலைக்கு மேல் விற்றதே என்று பழைய விமானத்துக்காக வாதாடுவோர் சொல்வார்கள். உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நான்கு ஆண்டுகளின் பராமரிப்பையும் காப்புறுதியையும் இழந்த உதவிப் பணத்தையும் எவர் கணக்கில் எழுதுவது? விற்ற பணத்தின் கதை இன்னும் சுவையானது. அது பசித்தவர்களின் மக்காச்சோளத்துக்குப் போயிற்றா, ஆயுதக் கம்பனியின் கடனுக்குப் போயிற்றா என்ற சர்ச்சை, விமானம் போன பின்பும் அந்நாட்டு அரசியலை விட்டுப் போகவில்லை.

விற்பது எப்போதும் இவ்வளவு எளிதுமன்று. மெக்சிக்கோ 21 கோடி 80 இலட்சம் டொலருக்கு 2012இல் வாங்கிய ஜனாதிபதி விமானத்தில் ஏறமாட்டேன் என்று புதிய ஜனாதிபதி 2018இல் சொன்னார். வாங்குவார் இன்றி ஆண்டுகள் ஓடின; அதன் பெயரால் சீட்டுக் குலுக்கலும் நடந்தது. கடைசியில் 2023இல் தஜிக்கிஸ்தான் 9 கோடி 20 இலட்சத்துக்கு எடுத்துக்கொண்டது. இந்தியாவில் விஜய் மல்லையாவின் சொந்த ஏர்பஸ் ஏ-319 விமானத்தை வரிப் பாக்கிக்காகச் சேவை வரித் திணைக்களம் பற்றிக்கொண்டது. பாக்கி 800 கோடி ரூபாவுக்கு மேல். ஏலத்துக்கு வைத்த குறைந்த விலை 152 கோடி. 2016இல் வந்த கேள்வி ஒரு கோடி 9 இலட்சம்! பம்பாய் விமான நிலையத்தில் நின்று நின்று, நிற்கும் இடத்துக்கும் வழக்காகி, 2018இல் 34 கோடி 80 இலட்சம் ரூபாவுக்கு விலைபோயிற்று. ஓடாமல் நிற்கும் உழவு யந்திரத்தில் டயரும் போகும், பற்றரியும் போகும். விமானத்தில் போவது கோடிகள்.

நமது நாட்டுக்கு இவற்றினும் பெரிய அபாயம் ஒன்று உண்டு. அதைச் சட்டம் படித்தவர்கள் சிந்திக்க வேண்டும். நைஜீரியா 2024இல் கைமாறிய ஏர்பஸ் ஏ-330 விமானம் ஒன்றைத் தன் ஜனாதிபதிக்காக எடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பராமரிப்புக்காகவும் வேறு வேலைக்காகவும் ஐரோப்பாவில் நின்ற அந்நாட்டின் மூன்று ஜெட் விமானங்களையும் பறக்க விடாமல் நிறுத்தி வைக்கப் பாரிஸ் நீதிமன்றம் கட்டளையிட்டது. கேட்டது ஒரு சீனக் கம்பனி. நைஜீரிய மாகாணம் ஒன்றோடு ஏற்பட்ட ஒப்பந்தத் தகராறில் நடுத்தீர்ப்பாளர்கள் அதற்கு வழங்கிய ஏழு கோடி டொலர் அளவிலான தொகை கட்டப்படாமல் இருந்தது. பிரெஞ்சு ஜனாதிபதியைப் போய்ச் சந்திக்கவென்று ஏ-330ஐ மட்டும் அந்தக் கம்பனியே பெருந்தன்மையோடு விடுவித்தது. ஒரு நாட்டின் தலைவர் கடன்கொடுத்தவனின் தயவில் விமானம் ஏறும் நிலை!

பிறநாட்டு அரசின் உடைமையை நீதிமன்றம் எளிதில் பற்றலாகாது என்பது பொது விதி. ஆனால் ஆட்சித் தொழிலுக்கன்றி வணிகத்துக்குப் பயன்படும் உடைமைக்கு அந்தக் காப்பு மெலிந்துவிடும். 'மற்ற நாட்களில் வாடகைக்கு விடலாம்' என்பது ஜெட் வாங்கச் சொல்பவர்களின் முதல் வாதமன்றோ? வாடகைக்கு விட்ட நாளிலேயே அது வணிகப் பொருள் என்று வாதிடக் கடன்காரனின் சட்டத்தரணிக்கு வழி பிறந்துவிடுகிறது. இலங்கை கடன் தவறிய நாடு. 2022 ஜூனிலேயே ஹமில்டன் ரிசேர்வ் வங்கி, தன்னிடமிருந்த 25 கோடி டொலர் இலங்கைக் கடன் பத்திரங்களுக்காக நியூயோர்க் நீதிமன்றத்தில் நம் மேல் வழக்குத் தொடுத்தது. இத்தகைய கடன்காரர்களை வைத்துக்கொண்டு, அந்நிய நாட்டு விமான நிலையத்தில் போய் நிற்கும் ஜெட் ஒன்றை வாங்குவது, கட்டாணை வந்த கடனாளி தன் மாட்டைக் கடன்காரனின் வாசலில் கட்டிவிட்டு வருவது போன்றதாகும்.

இவையெல்லாம் வேற்று நாட்டுக் கதைகள் என்று தள்ள முடியாதபடி, கைமாறிய விமானம் வாங்கிய அநுபவம் நமக்கே உண்டு. அது ஜெட் போர் விமானம் என்பதுதான் வித்தியாசம். 2006ஆம் ஆண்டில் உக்ரேனிலிருந்து நான்கு பழைய மிக்-27 விமானங்களை வாங்கவும், முன்னர் வாங்கியிருந்தவற்றைச் செப்பனிடவும் சுமார் ஒரு கோடி 46 இலட்சம் டொலருக்கு ஒப்பந்தம் எழுதப்பட்டது. வாங்கியவை 1980களின் தொடக்கத்தில் செய்யப்பட்டவை. சில ஆண்டுகளுக்கு முன் விமானப்படை வாங்கியவற்றைவிட வயதில் மூத்தவை, விலையிலோ கூடியவை என்று பத்திரிகையாளர் இக்பால் அத்தாஸ் வெளிப்படுத்தினார். எழுதியதற்குக் கைம்மாறாக 2007இல் அவருடைய பாதுகாப்பு விலக்கப்பட்டது. அரசுக்கும் அரசுக்கும் இடையிலான ஒப்பந்தம் என்று சொல்லப்பட்டதில், பணம் பெலிமிஸ்ஸா ஹோல்டிங்ஸ் என்னும் மூன்றாம் கம்பனி ஒன்றின் வழியாகப் போனதே குற்றச்சாட்டின் வேராகும். சற்று முன் நாம் சொன்ன தீவுக் கம்பனிகளை வாசகர்கள் இங்கே நினைத்துக்கொள்ளலாம். ரஷ்யாவில் தூதுவராயிருந்த உதயங்க வீரதுங்க இதன் தொடர்பில் 2020 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார்.

புதிய விமானத்திலும் இதே நாற்றம்தான். ஸ்ரீலங்கன் கம்பனிக்கு ஏர்பஸ் விற்ற விவகாரத்தில், கம்பனியில் பொறுப்பான பதவியில் இருந்தவரின் மனைவிக்கு 20 இலட்சம் டொலர் கொடுத்ததை, 2020 ஜனவரியில் இங்கிலாந்து நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின் உண்மைக் கூற்றில் ஏர்பஸ்ஸே ஒப்புக்கொண்டது. கம்பனியின் தலைமை நிருவாகியாயிருந்த கபில சந்திரசேனவையும் மேற்கூறிய வீரதுங்கவையும் அமெரிக்கா 2024 டிசெம்பரில் ஊழல் காரணம் காட்டித் தன் மண்ணில் கால்வைக்கத் தடை செய்தது. அமெரிக்கா தடைசெய்தது என்பதனாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். குற்றத்தைத் தீர்மானிக்க வேண்டியது நமது நீதிமன்றம். அந்தத் தீர்மானத்துக்கு எத்தனை ஆண்டு வேண்டும் என்பதே நமது கேள்வி.

இரண்டு அரச வங்கிகளும் ஸ்ரீலங்கனுக்குக் கடன் கொடுத்தவை. அந்த வங்கிகளில் கிடப்பது நெல் விற்ற பணமும் ஆசிரியரின் சேமிப்பும்தான். 17 கோடி 50 இலட்சம் டொலர் கடன் பத்திரத்துக்கு அரசாங்கமே பிணை நின்றது. பிணை நின்றவன் கட்ட வேண்டும் என்பதை நமது கிராமங்களில் குழந்தையும் அறியும்.

ஆட்சியாளர்களுக்குத் தனி விமானத்தின் மேல் உள்ள ஆசை, விமானம் வாங்கினால்தான் வெளிப்படும் என்றில்லை. 2007 டிசெம்பரில் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷவும் பரிவாரமும் லண்டனிலிருந்து திரும்புவதற்காக, பணம் கட்டி இடம் பெற்றிருந்த 35 பயணிகளை இறக்கிவிட விமானக் கம்பனி மறுத்தது. மறுத்த கம்பனியின் தலைமை நிருவாகி பீற்றர் ஹில்லின் வேலை அனுமதி பறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு எமிரேட்ஸ் நிருவாகத்தை விட்டு வெளியேறிற்று. மக்களின் விமானத்தைத் தன் வீட்டு வாகனமாக எண்ணியதற்கு நாடு கொடுத்த விலை எவ்வளவு என்பதை அதன்பின் வந்த நட்டக் கணக்குகள் சொல்லும். 2021 மே மாதத்தில், அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்துவதையும் ஒரு காரணமாகக் காட்டி, இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தினார்கள். நமது வயல்களில் வேளாண்மை மஞ்சளித்து நின்ற அந்தப் பெரும்போகத்திலே, டிசெம்பர் மாதம், பிரதமர் தனியார் ஜெட்டில் திருப்பதிக்குப் போய் வந்தார். கட்டணம் கொடுக்கவில்லை, இலவசம் என்று விளக்கம் சொன்னார்கள். கட்டணம் கொடுத்திருந்தால் ஒரு கேள்வியோடு போயிருக்கும். இலவசம் என்றதால் இரண்டு கேள்விகள் எழுகின்றன: கொடுத்தவர் யார்? எதற்காக?

தன் உழைப்பில் தேடிய பணத்தில் ஜெட் வாங்கும் வியாபாரியோடு நமக்கு வழக்கில்லை. அவர் வரியைக் கட்டிவிட்டு வானத்தில் எங்கேயும் பறக்கட்டும். தனி விமானத்தில் சீமான்கள் வந்து இறங்கினால் அறுகம்பே செழிக்கும் என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இந்தக் கரைக்கு அலைச்சறுக்க வரும் வெளிநாட்டு இளைஞன் சாதாரண விமானத்தில் வந்து, பஸ்ஸிலே மலைநாட்டைக் கடந்து, நமது சாப்பாட்டுக் கடையில் உண்டு, நமது ஓட்டோவில் ஏறி, மாதக்கணக்கில் தங்குகிறான். அவனுக்கு வேண்டியது நல்ல வீதியும் சுத்தமான நீரும். அவை நமக்கும் வேண்டும்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது கடுமையான நிபந்தனை அன்று. அரசோ, அரசுக்குப் பங்குள்ள கம்பனியோ, முப்படைகளோ எந்த விமானத்தை வாங்கினாலும், குத்தகைக்கு எடுத்தாலும், ஒப்பந்தம் கையொப்பமாவதற்கு முன் அது பாராளுமன்றத்தின் மேசைக்கு வர வேண்டும். போர்த் தளபாடத்தின் நுட்ப இரகசியத்தை மறைத்துக்கொள்ளட்டும். விலையையும் இடைத்தரகரின் பெயரையும் மறைக்க எந்தப் பகைவனும் காரணமாக மாட்டான். பழைய விமானமாயின், வாங்குபவர் நியமித்த சுதந்திரமான பரிசோதகரின் அறிக்கையும், பத்து ஆண்டுப் பராமரிப்புக்கு எவ்வளவு, எந்தத் தலைப்பில் என்ற கணக்கும் அதனோடு இணைய வேண்டும். பணம் பெறும் கம்பனியின் உண்மை உரிமையாளரின் பெயர் இல்லாத ஒப்பந்தத்துக்கு ஒரு சதமும் விடுவிக்கக் கூடாது. பதவியிலுள்ளவர் பிறர் விமானத்தில் இலவசமாகப் பறந்தால், அது பரிசுப் பொருளாகப் பெறுமதியோடு பதியப்பட வேண்டும். ஜனாதிபதி செயலகத்தின் சொகுசு வாகனங்களை 2025இல் ஏலத்தில் விற்ற அரசாங்கத்துக்கு இதற்குச் சம்மதிப்பதில் தயக்கம் இருக்கக் காரணம் இல்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமது கையில் இருக்கிறது. அரசு நூற்றுக்கு 25 பங்கேனும் வைத்திருக்கும் கம்பனிக்கும் அது பொருந்தும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, விண்ணப்பக் கட்டணம் இல்லை, தமிழிலேயே கேட்கலாம், 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். அங்கத்தவர்களில் முக்காற்பங்கினர் பிரஜைகளாயிருக்கும் சங்கமும் கேட்கலாம் என்பதை நமது விவசாயச் சங்கங்கள் பல இன்னும் அறியவில்லை. கடந்த பத்து ஆண்டுகளில் அரச அதிகாரிகள் பயணத்துக்கு வாடகைக்கு எடுக்கப்பட்ட விமானங்கள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் கொடுத்த தொகை எவ்வளவு, பெற்றவர் யார், இலவசமாகப் பெற்ற பயணங்கள் எவை என்ற நான்கு கேள்விகளோடு மனுவின் மாதிரியொன்றைத் தயாரித்து நமது காரியாலயத்தில் வைத்திருக்கிறோம். ஒலுவில் துறைமுகத்தில் மணல் அள்ள இதுவரை செலவான தொகையைக் கேட்கும் இன்னொரு மனுவும் அதனோடு இருக்கிறது. பொத்துவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனைச் சங்கங்களின் காரியதரிசிகள் வேலை நாட்களில் வந்து பெற்றுக்கொள்ளலாம்.